தைரியம் கொண்டுவந்து தந்தவர்களுக்கு

அன்புள்ள எல்லாருக்கும்,

மார்பகப் புற்றுநோய்க்கான ஆபரேஷன், கீமோ, கதிர்வீச்சு எல்லாம் முடிந்து, தக்கலைப் பக்கத்து என் தையல் கடையை மறுபடியும் திறந்துவிட்டேன். உங்களை ஒவ்வொருவராக நேரில் பார்த்து நன்றி சொல்லத்தான் ஆசை. ஆனால் வாயைத் திறந்தாலே, "அதெல்லாம் இருக்கட்டும், நீ முதல்ல சாப்பிட்டியா?" என்று பேச்சை மாற்றிவிடுகிறீர்கள். அதனால் எழுதிவிடுகிறேன். பெயர் போட வேண்டாம் என்றீர்கள், போடவில்லை. படித்தால் உங்களுக்கே தெரியும்.

முதல் நன்றி எங்கள் கிராம சுகாதார செவிலியருக்கு. முப்பது வயது தாண்டிய பெண்களுக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் மார்பகத்தையும் கர்ப்பப்பை வாயையும் இலவசமாகப் பரிசோதிக்கிறார்கள் என்பது எங்கள் தெருவில் பாதிப்பேருக்குத் தெரிந்ததே உங்களால்தான், சிஸ்டர். வேறொரு இடத்தில் "கொழுப்புக் கட்டி, பயப்பட ஒன்றுமில்லை" என்று சொல்லி அனுப்பிய பிறகும் நீங்கள் விடவில்லை. "வலியே இல்லையே சிஸ்டர்" என்றதற்கு, "வலிக்காத கட்டியத்தான் கண்டிப்பா காட்டணும்ணு சொல்லுகேன்" என்று கடை வாசலில் நின்றே சத்தம் போட்டீர்கள். மேமோகிராம், பயாப்சி என்று அடுத்தடுத்து நடந்தது எல்லாம் அந்தச் சத்தத்தால்தான்.

சிகிச்சைக்குத் திருவனந்தபுரத்தில் ஆர்.சி.சி. என்கிற புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குப் போனேன். குமரி மாவட்டத்துக்காரர்களுக்கு அந்த இடத்தைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. 1981-இல் தொடங்கியதிலிருந்து நம் பக்கத்தில் எத்தனையோ குடும்பங்கள் அந்தப் படி ஏறியிருக்கின்றன. காலை ரயிலில் இரணியல், குழித்துறை, பாறசாலை, நெய்யாற்றின்கரை என்று வழிநெடுக, கையில் பெரிய ஃபைலும் தலையில் துண்டுமாக யாராவது ஏறுவார்கள். ஒருவரை ஒருவர் பார்த்ததும் புரிந்துவிடும். "இது எத்தனாவது?" என்று கேட்டு, சீட்டு ஒதுக்கி, வீட்டிலிருந்து கொண்டுவந்த ஏத்தம்பழத்தைப் பாதியாகப் பிட்டுத் தந்தவர்களே, உங்களில் பலரை நான் திரும்பப் பார்க்கவில்லை. நல்லபடியாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன்.

விடியும் முன்னே வந்து ஹாரன் அடிக்காமல் காத்திருந்த ஆட்டோ அண்ணனுக்கு நன்றி. கீமோ முடிந்து திரும்பும் நாட்களில் சின்னக் குலுக்கல்கூட எனக்குத் தாங்காது. நம் ரோடுகள்தான் தெரியுமே. எந்த வழியில் குழி குறைவு என்று முந்தின நாளே ஓட்டிப் பார்த்து வைத்திருப்பீர்கள். சுற்று வழியானாலும் கூலி கூட்டிக் கேட்டதில்லை.

அப்புறம் அந்த டாக்டரம்மா. அவர்களுக்கு நான் பட்ட கடன் பெரியது. நோய் தெரிந்த நாளிலிருந்து என்னைப் பார்க்க வந்த எல்லாரும் ஒரே மாதிரிதான் சொன்னார்கள்: "அழக்கூடாது, பாசிட்டிவா இருக்கணும், மனசு தளர்ந்தா மருந்து பிடிக்காது." பாசத்தில் சொன்னதுதான், குறை சொல்லவில்லை. ஆனால் எனக்கு ராத்திரியானால் அழுகை வரும். அழுது முடித்ததும், அழுததாலேயே நோய் கூடிவிடுமோ என்று பயம் வரும். ஒருநாள் டாக்டரிடம் கேட்டேவிட்டேன். மலையாளம் கலந்த தமிழில் நிதானமாகச் சொன்னார்: "அழுதா மருந்து வேலை செய்யாதுன்னு யாரு சொன்னது? மருந்து அதோட வேலையச் செய்யும். நீங்க சாப்பிடணும், தூங்கணும், சொன்ன தேதிக்கு வரணும். அவ்வளவுதான் உங்க வேலை." சந்தோஷமாக இருப்பவர்களுக்குப் புற்றுநோய் சீக்கிரம் குணமாகும் என்று ஆராய்ச்சிகளில் நிரூபணம் ஆகவில்லை என்றும் சொன்னார். நெஞ்சில் இருந்த பாரம் அன்றைக்கு இறங்கியது. அன்று ராத்திரியும் அழுதேன். ஆனால் பயப்படாமல் அழுதேன், அழுதுவிட்டு நன்றாகத் தூங்கினேன்.

கீமோ வார்டு சிஸ்டர்களே, டாக்சோரூபிசின் என்ற அந்தச் சிவப்பு மருந்தை ஏற்றும் முன்னே, "ஒண்ணு ரெண்டு நாள் சிறுநீர் சிவப்பா போகும், அது மருந்தோட நிறம், ரத்தம் இல்லை" என்று சொன்னீர்களே, அந்த ஒரு வாக்கியம் எவ்வளவு பெரிய உதவி தெரியுமா? முடி எப்போது கொட்டும், வாய் எப்போது புண்ணாகும், ரத்த வெள்ளணுக்கள் எந்த நாட்களில் குறையும் என்று எல்லாவற்றையும் முன்கூட்டியே சொல்லிவைத்தீர்கள். காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால் விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது என்றீர்கள். ஒருநாள் நடுராத்திரியில் தெர்மாமீட்டர் அதைத் தாண்டியபோது, எதிர்வீட்டுத் தம்பி தூக்கக் கலக்கத்தோடு கார் எடுத்து ஆஸ்பத்திரியில் சேர்த்தான். நீ அன்றைக்கு லுங்கியோடு ஓடிவந்ததை என் ஆயுசுக்கும் மறக்க மாட்டேன் தம்பி.

இப்போது உங்களுக்கு, அக்கா. கடற்கரையிலிருந்து துணி தைக்க வந்து பழக்கமானவர் நீங்கள். 2017 நவம்பர் 30-ஆம் தேதி ஒக்கிப் புயலில் கடலுக்குப் போன உங்கள் வீட்டுக்காரர் திரும்பவில்லை. நான் படுத்திருக்கிறேன் என்று கேள்விப்பட்டு, பஸ் மாறி வந்தீர்கள். எல்லாம் சரியாகிவிடும் என்று நீங்கள் சொல்லவில்லை. கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்து, என் காலைப் பிடித்துவிட்டுக்கொண்டே, "அழு மக்களே. அழுது முடிச்சுட்டு இந்தக் கஞ்சியக் குடி. நாளைக்கு வேற நாள்" என்றீர்கள். பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்ப வேண்டும் என்பதற்காக மட்டும் தினமும் எழுந்ததாகவும், அப்படி எழுந்து எழுந்துதான் பழகிப்போனதாகவும் சொன்னீர்கள். நானும் அப்படித்தான் செய்தேன், அக்கா. எழுந்து, பல் தேய்த்து, வாசலைப் பெருக்க முடியாவிட்டாலும் வாசலில் போய் உட்கார்ந்தேன். எனக்குத் தைரியசாலி என்று ஊரில் பெயர் வந்ததற்கு அதுதான் காரணம்.

பக்கத்து வீட்டு மைனி, வாய்ப்புண்ணால் எனக்கு எந்தக் காரமும் ஆகாமல் போனபோது, மீன்குழம்பை மிளகாய் வத்தல் இல்லாமல், தேங்காயும் மஞ்சளும் மட்டும் அரைத்து வைத்தீர்கள். மரச்சீனிக்கிழங்கைக் குழைய வேகவைத்து மசித்தீர்கள். உங்கள் வீட்டிலும் அன்றைக்கு அதே குழம்புதான் என்று பிறகுதான் தெரிந்தது. காரமில்லாமல் சோறு இறங்காத அண்ணன் அதை முகம் சுளிக்காமல் சாப்பிட்டார் பாருங்கள், அவருக்கும் ஒரு கும்பிடு.

கடைப் பிள்ளைகளே, உங்களைப் பற்றி எழுத உட்கார்ந்தால் கை ஓட மாட்டேன் என்கிறது. வாங்கி வைத்திருந்த துணி ஒன்றுகூடக் கெடாமல், சொன்ன தேதிக்குத் தைத்துக் கொடுத்தீர்கள். என் தலை மொட்டையான வாரமே வெட்டுத்துண்டுகளை ஒட்டுப்போட்டு மெல்லிய பருத்தித் தொப்பி தைத்துத் தந்தீர்கள், ஒவ்வொரு புடவைக்கும் பொருத்தமாக. ஆபரேஷனுக்குப் பிறகு ஒரு பக்கம் வெறுமையாக இருக்க, பிளவுஸ் போட்டுக்கொண்டு வெளியே வரவே எனக்குக் கூச்சமாக இருந்தது. அதை நான் யாரிடமும் சொல்லவில்லை. நீங்களாகவே என் அளவு பிளவுஸை எடுத்து, உள்ளே மல் துணியில் பை வைத்து, அதற்குள் பொருந்தும்படி ஒரு திண்டு தைத்தீர்கள். வெறும் பஞ்சு வைத்தால் லேசாக இருப்பதால் நடக்க நடக்க மேலே ஏறிவிடுகிறது என்று, நடுவில் சின்னப் பையில் கடுகு நிரப்பி எடை கொடுத்தீர்கள். தழும்பில் உரசாமல் இருக்கத் தையலை எல்லாம் வெளிப்பக்கம் திருப்பினீர்கள். துவைக்க வசதியாக மேலுறையைக் கழற்றும்படி வைத்தீர்கள். அதைப் போட்டுக் கண்ணாடி முன் நின்றபோது இரண்டு தோளும் நேராக நின்றன. இவ்வளவு வருஷத் தொழிலில் இவ்வளவு நல்ல வேலையை நான் செய்ததில்லை.

அக்குளில் நிணநீர்க் கணுக்களையும் எடுத்ததால் தோள் இறுகிவிடாமல் பயிற்சி செய்யச் சொன்னார்கள். சுவரில் விரல்களால் ஊர்ந்து ஊர்ந்து கையை மேலே கொண்டுபோக வேண்டும். உயிர் போகும் வலி. என் மகள் டெய்லர் சாக்கை எடுத்து, நான் தொட்ட உயரத்தில் எல்லாம் கோடு போட்டாள். கை எட்டாத நாளில் "நேத்துக் கோடு எங்கேயும் போகாதும்மா, அங்கேயேதான் இருக்கும்" என்பாள். சுண்ணாம்பு அடிக்கும்போது அந்தச் சுவரை மட்டும் விட்டுவிடச் சொல்லியிருக்கிறேன்.

தவணையைத் தள்ளிவைத்துக் காத்திருந்த மகளிர் குழுவுக்கும், கேட்காமலே சீட்டுப் பணத்தில் முதல் முறையை எனக்கு விட்டுக்கொடுத்தவர்களுக்கும், முகம் தெரியாமல் ரத்தம் தந்த பிள்ளைகளுக்கும் நன்றி. கோட்டாறு சவேரியார் கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினீர்கள், நாகராஜா கோயிலில் பால் ஊற்றினீர்கள், தக்கலை பீர்முகம்மது அப்பா தர்காவில் துஆ கேட்டீர்கள். எல்லாமே எனக்கு வந்து சேர்ந்தது. என் வீட்டுக்காரருக்கு நன்றி சொன்னால் கோபித்துக்கொள்வார். வாந்திப் பாத்திரத்தை ஒருநாளும் என்னைக் கழுவவிடாத மனுஷன் அவர்.

இப்போது நோய் திரும்பாமல் இருக்கத் தினமும் டாமோக்ஸிபென் மாத்திரை சாப்பிடுகிறேன், சொன்ன தேதிக்கு செக்கப்புக்குப் போகிறேன். ரிசல்ட் வரும்வரை இன்னும் பயம் இருக்கத்தான் செய்கிறது.

ஒரு விஷயம் மட்டும் எல்லாரிடமும் சொல்லிவையுங்கள். ஆபரேஷன் முடிந்த பெண்களுக்குத் தொப்பியும் அந்தத் திண்டும் எங்கள் கடையில் காசு வாங்காமல் தைத்துத் தருகிறோம். பழைய மெல்லிய பருத்திப் புடவை இருந்தால் கொண்டுவாருங்கள், அதுதான் தோலுக்கு நல்லது. அளவெடுக்கத் தனி அறை இருக்கிறது, பெண்கள்தான் எடுப்போம். வர முடியாதவர்கள் ஆள் அனுப்பினால் ஞாயிற்றுக்கிழமை நாங்களே வீட்டுக்கு வருகிறோம்.

அன்போடு,
உங்கள் தையல்கார அக்கா