அந்த நான்கு எழுத்துகளை அவர்கள் கையில் கொடுக்கும் முன்: தொழில் ஆலோசகர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆலோசகர்களுக்கு,

வணக்கம். பள்ளி முடிக்கும் பிள்ளைகளை உட்காரவைத்து, ஆளுமைச் சோதனை எழுதவைத்து, "உனக்கு இந்த வேலை சரிப்படும், அது சரிப்படாது" என்று சொல்கிற எல்லோருக்கும் இதை எழுதுகிறேன். கோபத்தில் எழுதவில்லை. உங்கள் ஒரு சொல்லுக்கு அந்த வயதில் எத்தனை கனம் இருக்கிறது என்பதை அனுபவித்தவர் யாராவது சொல்ல வேண்டும் என்று தோன்றியது, அதனால்தான்.

எனக்குப் பதினேழு வயதில் அப்படி ஒரு சோதனை வைத்தார்கள். ஆசிரியராக வேண்டும் என்பது அப்போது என் ஆசை. என் விடைகளைப் பார்த்த ஆலோசகர், 'இன்ட்ரோவர்ட்' (தனிமையை நாடுகிறவர்) என்ற சொல்லின் கீழ் கோடு போட்டார். "நாள் முழுக்க ஐம்பது பேர் முன்னால் நின்று பேசுவது உன் இயல்புக்கு ஒத்துவராது, கணக்கு எழுதும் வேலை பொருந்தும்" என்றார். எல்லாம் இருபது நிமிடத்தில் முடிந்துவிட்டது. நான் நம்பினேன், வீட்டிலும் நம்பினார்கள். ஒன்பது ஆண்டுகள் கணக்குத் துறையில் இருந்தேன். மோசமான வேலை என்று சொல்ல மாட்டேன். ஆனால் புதிதாகச் சேர்ந்தவர்களுக்கு வேலை கற்றுக்கொடுக்கிற வாரங்களில் மட்டும் நான் நேரத்துக்கு முன்பே அலுவலகத்தில் இருப்பேன். அதைக் கவனிக்கவே எனக்குப் பல ஆண்டுகள் ஆயின.

இப்போது வகுப்பறையில் இருக்கிறேன். பாடம் முடிந்ததும் அரை மணி நேரமாவது யாரோடும் பேசாமல் இருந்தால்தான் எனக்கு மூச்சு வரும். ஆக, சோதனை சொன்னது பொய் இல்லை. அதிலிருந்து எடுத்த முடிவுதான் தவறு.

நீங்கள் பயன்படுத்தும் சோதனை எங்கிருந்து வந்தது என்பது உங்களில் பலருக்குத் தெரிந்திருக்கும். 1921-இல் கார்ல் யுங் என்ற சுவிஸ் உளவியலாளர் உளவியல் வகைகளைப் பற்றி எழுதினார். அதை அடிப்படையாக வைத்து கேத்தரின் பிரிக்ஸும் அவர் மகள் இசபெல் மயர்ஸும் மனிதர்களைப் பதினாறு வகைகளாகப் பிரிக்கும் ஒரு கேள்வித்தாளை உருவாக்கினார்கள். அதுதான் மயர்ஸ்-பிரிக்ஸ் சோதனை (MBTI). ஒவ்வொரு வகைக்கும் நான்கு ஆங்கில எழுத்துகள்தான் பெயர். இருவரும் முறையாக உளவியல் படித்தவர்கள் இல்லை. ஆனால் நோக்கம் நல்லது: இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் முதன்முறையாக வேலைக்குப் போன பெண்களுக்கு, அவரவர் இயல்புக்கு ஏற்ற வேலையைக் கண்டுபிடிக்க உதவ வேண்டும் என்பது. அந்த அக்கறையை நான் மதிக்கிறேன். அதே அக்கறையோடுதான் உங்களில் பெரும்பாலானோர் இந்தத் தொழிலுக்கு வந்திருப்பீர்கள்.

சிக்கல் அந்த எழுத்துகளில் இருக்கிறது. தனிமையை நாடுவதா, கூட்டத்தை நாடுவதா என்பதைச் சொல்லும் முதல் எழுத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். உயரத்தைப் போலத்தான் இந்தக் குணமும்: மிகக் குட்டையானவர்களும் மிக நெட்டையானவர்களும் கொஞ்சம் பேர், நடுவில் இருப்பவர்கள்தான் அதிகம். நடுவில் ஒரு கோடு போட்டு, இந்தப் பக்கம் 'இன்ட்ரோவர்ட்', அந்தப் பக்கம் 'எக்ஸ்ட்ரோவர்ட்' (கூட்டத்தை நாடுகிறவர்) என்று பெயர் வைத்தால் என்ன ஆகும்? கோட்டுக்கு ஒரு மயிரிழை இப்பால் நிற்கிற பிள்ளையும் ஒரு மயிரிழை அப்பால் நிற்கிற பிள்ளையும் ஏறக்குறைய ஒரே மாதிரிதான். ஆனால் இருவர் கையிலும் வேறு வேறு எழுத்து, வேறு வேறு வேலைப் பட்டியல். சில வாரம் கழித்து அதே சோதனையை மறுபடி எழுதினால் கணிசமானவர்களுக்கு ஒரு எழுத்தாவது மாறிவிடுவது இதனால்தான். குணம் மாறவில்லை, கோட்டைத் தாண்டியிருக்கிறார்கள், அவ்வளவுதான். இந்தச் சோதனையை வைத்து யாரையும் வேலைக்கு எடுக்கவோ ஒதுக்கவோ கூடாது என்று அதை வெளியிடுபவர்களே சொல்கிறார்கள். வேலை கொடுப்பவர் செய்யக்கூடாததை, வேலையைக் கனவு காண்கிற பிள்ளையிடம் நாம் செய்யலாமா?

"ஆனால் பிள்ளைகளே 'அப்படியே என்னைப் பற்றிச் சொல்லியிருக்கிறது' என்கிறார்களே" என்று நீங்கள் கேட்கலாம். 1948-இல் பெர்ட்ராம் ஃபோரர் என்ற உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்து, ஆளுக்கு ஒரு குணவிளக்கம் கொடுத்தார். எவ்வளவு பொருத்தம் என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. எல்லோர் கையிலும் இருந்தது ஒரே விளக்கம்! சோதிடப் புத்தகம் ஒன்றிலிருந்து எடுத்த வரிகள் அவை. பிள்ளையின் முகம் மலர்வதை வைத்து முடிவு சரி என்று நினைத்துவிடாதீர்கள்.

எல்லாச் சோதனையையும் தூக்கி எறியச் சொல்லவில்லை. ஜான் ஹாலண்ட் என்ற உளவியலாளர் 1959-இல் முன்வைத்த ஆறு வகை ஆர்வங்கள் (கைவேலை, ஆராய்ச்சி, கலை, மக்களோடு பழகுதல், தொழில் முனைதல், ஒழுங்குபடுத்துதல்) எனக்கு இதைவிட நேர்மையானதாகப் படுகிறது. ஏனென்றால் அது 'நீ யார்' என்று கேட்காமல் 'எதைச் செய்யப் பிடிக்கும்' என்று கேட்கிறது. கூச்சம் வேறு, விருப்பம் வேறு. கூச்சமுள்ள ஒருவருக்கு மக்களோடு பழகுகிற வேலை உயிராக இருக்கலாம், என்னைப் போல. ஆனால் இந்த முறையிலும், ஆர்வம் வேலையோடு பொருந்துவதற்கும் வேலையில் கிடைக்கும் நிறைவுக்கும் உள்ள தொடர்பு, ஆய்வுகளில் நாம் நினைப்பதைவிடச் சிறிதாகத்தான் வருகிறது. மேலதிகாரி எப்படிப்பட்டவர், வேலையில் எவ்வளவு சுதந்திரம், கூட வேலை செய்பவர்கள் யார் என்பதெல்லாம் நிறைவைத் தீர்மானிக்கின்றன. அவை எந்தக் கேள்வித்தாளிலும் இல்லை.

இன்னொன்று. ஒரு வேலை என்பது ஒரே ஒரு செயல் இல்லை. என்னைத் தடுத்த ஆலோசகரின் மனதில் 'ஆசிரியர்' என்றால் மேடையில் நின்று முழங்குகிறவர் என்ற படம் இருந்திருக்க வேண்டும். என் நாளில் பாதி, தனியாக உட்கார்ந்து பாடம் தயாரிப்பதும் தாள் திருத்துவதும்தான். மீதியில் எனக்கு மிகப் பிடித்தது, கடைசி வரிசையில் வாய் திறக்காமல் இருக்கிற பிள்ளை வகுப்பு முடிந்ததும் தயங்கித் தயங்கி வந்து நிற்கும் அந்த ஐந்து நிமிடம். அது ஏன் தயங்குகிறது என்று எனக்குத் தெரியும். என் இயல்பு அங்கே குறையே இல்லை. விற்பனை வேலையையே எடுத்துக்கொள்ளுங்கள். அது கலகலப்பானவர்களுக்கே உரியது என்றுதான் எல்லோரும் சொல்வோம். ஆடம் கிராண்ட் என்ற உளவியலாளர் 2013-இல் வெளியிட்ட ஆய்வில், அதிகம் விற்றவர்கள் மிகக் கலகலப்பானவர்கள் இல்லை. கலகலப்புக்கும் அமைதிக்கும் நடுவில் இருந்தவர்கள். பேசுவதோடு கேட்கவும் தெரிந்தவர்கள் அவர்கள் என்பது அவர் தந்த விளக்கம்.

வேலையும் நம் கையில் கொஞ்சம் வளையும். ஏமி ரெஸ்னியெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் மருத்துவமனைத் துப்புரவுப் பணியாளர்களைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஒரே பணிப் பட்டியல்தான் எல்லோருக்கும். சிலருக்கு அது வெறும் தரை துடைப்பது. வேறு சிலரோ நோயாளியிடம் நின்று இரண்டு வார்த்தை பேசினார்கள், குணமாவதில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று நினைத்தார்கள். பட்டியலில் இல்லாத ஒரு வேலையைத் தாங்களே சேர்த்துக்கொண்டார்கள். நிறைவு அங்கேதான் வந்தது.

மனிதரும் மாறுகிறார். இருபதுக்கும் நாற்பதுக்கும் இடையில் பெரும்பாலானோருக்குப் பொறுப்புணர்வும் மன நிதானமும் கூடுகின்றன என்று பல ஆண்டுகள் பின்தொடர்ந்த ஆய்வுகள் காட்டுகின்றன. பதினேழு வயதில் எடுத்த அளவுக்குச் சட்டை தைத்துவிட்டு, முப்பத்தைந்து வயதிலும் அதையே போட்டுக்கொள் என்றால் எப்படி?

நான் உங்களிடம் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. முடிவுத் தாளை வாசிக்கும்போது 'நீ இப்படிப்பட்டவள்' என்று சொல்லாதீர்கள். 'இந்த விடைகளில் இப்படித் தெரிகிறது, உனக்கு அது சரியாகப் படுகிறதா?' என்று கேளுங்கள். எழுத்தை மட்டும் காட்டாமல், கோட்டிலிருந்து எவ்வளவு தூரம் என்பதையும் காட்டுங்கள். அந்த வேலையில் இருக்கும் ஒருவரோடு ஒரு நாள் முழுக்க இருந்து பார்க்க வழி செய்யுங்கள். அப்புறம், ஒரு வேலையை 'வேண்டாம்' என்று சொல்ல இந்தச் சோதனையை ஒருபோதும் பயன்படுத்தாதீர்கள். தனிமை தேவைப்படும் பிள்ளையிடம், 'இந்த வேலைக்குப் போனால் நடுவில் உனக்கு ஓய்வு தேவைப்படும், அதை இப்படி அமைத்துக்கொள்' என்று சொல்லுங்கள். எனக்கு அன்று அந்த ஒரு வரி போதுமாக இருந்திருக்கும்.

என் வகுப்பில் ஒரு மாணவி இருக்கிறாள். வகுப்பில் கை தூக்கவே மாட்டாள். வழக்கறிஞர் ஆக வேண்டும் என்று எட்டு வயதிலிருந்தே ஆசை. போன மாதம் சோதனை எழுதினாள், பட்டியலில் சட்டம் இல்லை. தாளை நாலாக மடித்துப் பைக்குள் வைத்திருக்கிறாள். அடுத்த வாரம் உங்களில் ஒருவரைப் பார்க்க வருகிறாள். அந்தத் தாளை வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, எட்டு வயதில் அப்படி என்ன நடந்தது என்று கேளுங்கள். அவசரப்படுத்தாதீர்கள். முதல் இரண்டு நிமிடம் பேச மாட்டாள்.

அன்புடன்,
ஒரு ஆசிரியை