சனிக்கிழமை கூடல்: க்ருவாங்பினும் நம் ரவானும்

எல்லோருக்கும் வணக்கம். இந்தச் சனிக்கிழமை மாலை 5 மணிக்கு ரோஸ் ஹில் வீட்டு மொட்டை மாடியில் கூடுகிறோம்.

இம்முறை கேட்கப்போவது க்ருவாங்பின். அமெரிக்காவின் ஹூஸ்டனைச் சேர்ந்த மூவர் குழு. பெயருக்குத் தாய்லாந்து மொழியில் விமானம் என்று பொருள். 1960, 70களின் தாய்லாந்து ஃபங்க் என்னும் ஆட்டத் தாள இசையில் மயங்கிப்போனவர்கள். முதல் ஆல்பம் 2015இல் வந்தது. அதை டெக்சஸில் ஒரு பழைய களஞ்சியக் கொட்டகையில் பதிவு செய்தார்கள். பாட்டு வரிகள் குறைவு. கிட்டார் எங்கோ தூரத்தில் மிதக்கும். நீங்கள் அடிச்சுருதி தரும் பேஸ் கிட்டாரைக் காதில் பிடித்துக்கொள்ளுங்கள். அது வாசிக்காமல் விடும் இடங்களில்தான் எனக்குக் கிறுகிறுப்பே.

அப்புறம், ரவான், அதாவது நம் மொரிஷியஸின் ஆட்டுத்தோல் கைப்பறை, வைத்திருப்பவர்கள் 4 மணிக்கே வந்துவிடுங்கள். தீயில் காட்டித் தோலை முறுக்கேற்ற நேரம் வேண்டும். போன தடவை மழை ஈரத்தில் கோணிப்பையைத் தட்டியதுபோல் இருந்தது, நினைவிருக்கும்! க்ருவாங்பின் தாளம் பெரும்பாலும் நாலு எண்ணிக்கை, ரவானில் வாசிக்கும் நம் சேகா இசை ஆறெட்டு (6/8). இரண்டும் ஒட்டுமா, பார்ப்போம். ஒட்டாவிட்டாலும் சரி, சாப்பிடத் தால்பூரி (பருப்பு வைத்த ரொட்டி) இருக்கிறது.

எத்தனை பேர் என்று வெள்ளிக்குள் சொல்லிவிடுங்கள். இரவு 9க்கு மேல் ரவான் கிடையாது, பக்கத்து வீட்டில் கைக்குழந்தை.