முன் டயர் விஷயமாக

வெள்ளவத்தை,
கொழும்பு 6.

அன்பின் மச்சான்,

உன் கடிதம் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் சுகம். இங்கே மழை விட்டு விட்டுப் பெய்கிறது. காலையில் சேறாக இருக்கும் இடம், இரண்டு மணித்தியாலம் வெயில் எறித்தால் செம்புழுதி. மண்ணில் ரிமோட்டால் ஓட்டும் உன் சின்னப் பந்தயக் காருக்கு, அந்த 4டபிள்யூடி (நாலு சில்லும் இழுக்கும்) பகிக்கு, எந்த முன் டயர் என்று நீ கேட்டதற்கு அதிலேயே பாதிப் பதில் இருக்கிறது.

வளைவுக்குள் நுழையும்போது கார் பின்பக்கமாகச் சுழன்றுவிடுகிறது, அதனால் இன்னும் மென்மையான முன் டயர் வாங்கப் போகிறேன் என்று எழுதியிருக்கிறாய். வாங்காதே. முன்னுக்கு கிரிப் கூடிப் போனதால்தான் பின்பக்கம் விட்டுக்கொடுக்கிறது. முதலில் பின் டயரை முடிவு செய். பிறகு அதே காம்பவுண்டில் (ரப்பர் கலவையில்), அல்லது ஒரு படி கடினமானதில், முன் டயரை எடு. ப்ரோலைன் கம்பனி டயரில் பின்னுக்கு எம்4 என்றால் முன்னுக்கு ஒரு படி கடினமான எம்3. ஜேகொன்செப்ட்ஸ் கம்பனியில் காம்பவுண்டுக்கு நிறம்தான் பெயர்: பின்னுக்குப் பச்சை என்றால் முன்னுக்கு நீலம். முன்பக்கம் கொஞ்சம் மந்தமாக இருக்கும் காரை ஓட்டலாம், பின்பக்கம் நழுவுவதை ஓட்டுவது கஷ்டம்.

பின் சில்லு மட்டும் இழுக்கும் டூ வீல் ட்ரைவ் பகிக்கு வரும், நீளவாக்கில் வரி போட்ட ஒடுங்கிய முன் டயரை மலிவு என்று எடுத்துவிடாதே. அந்தக் காரின் முன் சில்லு திரும்ப மட்டும்தான் வேண்டும். உன்னுடையதில் அது இழுக்கவும் வேண்டும், பிரேக் பிடிக்கவும் வேண்டும். அதற்கு டயரில் ரப்பர் முள் தேவை. சில்லும் வேறு: இரண்டுமே 2.2 அங்குலம், 12 மில்லிமீற்றர் ஹெக்ஸ் (சில்லைப் பூட்டும் அறுகோணத் துண்டு) என்று எழுதியிருந்தாலும் அகலம் ஒத்துவராது. பெட்டியில் ‘4டபிள்யூடி ஃப்ரண்ட்’ என்று இருக்கிறதா பார்.

முள்ளை மண்தான் தீர்மானிக்கும். ஈர மண்ணுக்கு உயரமான, ஐதான முள். நெருக்கமாக இருந்தால் இடையில் சேறு அடைத்து, இரண்டாவது சுற்றிலேயே வழுக்கு டயராகிவிடும். இறுகிக் கறுத்துப் பளபளக்கும் தரைக்கு உயர முள் கூடாது. அது வளைந்து கொடுக்கும், ஸ்டியரிங் ஒரு கணம் பிந்தும். அங்கே தாழ்வான, நெருக்கமான கட்டைகள்தான் சரி. கார்பட் விரித்த ஓடுபாதை என்றால் பேச்சே இல்லை, ஷூமாக்கர் கம்பனியின் மினி பின் மஞ்சள் மாதிரி குட்டி முள். நம்முடைய சரளை கலந்த செம்மண் மிக மென்மையான ரப்பரைத் தின்றுவிடும். முள்ளின் அடி கிழிந்திருந்தால் காம்பவுண்ட் அந்தத் தரைக்கு மென்மை கூடியது. நடுவரிசை மட்டும் தேய்ந்திருந்தால் வேகத்தில் டயர் ஊதுகிறது, உள்ளே இருக்கும் ஸ்பொஞ்ச் தளர்ந்துவிட்டது என்று அர்த்தம். உள்விளிம்பு மட்டும் தேய்ந்தால் குற்றம் டயரில் இல்லை, நெகட்டிவ் கேம்பர் (சில்லின் மேல்பக்கம் உள்ளுக்குச் சாய்வது) கூடிவிட்டது.

ஸ்பொஞ்ச் என்றவுடன்: தண்ணீர் குடிக்காத குளோஸ்ட் செல் வகையைப் போடு. ஓப்பன் செல் தண்ணீரைக் குடித்துக் கனக்கும், ஒரு பக்கம் தொய்ந்து கார் அதிரும். காற்று வெளியேற டயரின் நடுவில் எதிரெதிராக இரண்டு துளை போதும். சில்லில் துளைத்தால் உள்ளே போன தண்ணீர் வெளியே வராது. டயரில் இருந்தால் சுழலும் வேகமே அதை வீசி எறிந்துவிடும்.

ஒட்டும் வேலையில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். புது டயரில் அதை வார்த்த அச்சிலிருந்து வந்த எண்ணெய்ப் பசை இருக்கும். சவர்க்காரத் தண்ணீரில் கழுவி, காய்ந்த பிறகு, ஒட்டும் விளிம்பையும் சில்லின் பள்ளத்தையும் ஐசோபுரொப்பைல் அல்கஹோலால் துடை. ஸ்பொஞ்ச் எங்கும் மடங்காமல் இருக்கிறதா என்று விரலால் சுற்றிவர அமுக்கிப் பார். பிறகு நான்கு இடத்தில் ஒவ்வொரு துளி மெல்லிய சுப்பர் குளூ. டயர் நேராக உட்கார்ந்தது நிச்சயமானால் மட்டும் மிச்சச் சுற்று. ஒரு பக்கம் இறுகிய பிறகுதான் மறுபக்கம். சுப்பர் குளூ ஈரத்தால் இறுகும் சாமான், கொழும்புக் காற்றில் நீ நினைப்பதைவிடக் கெதியாய்ப் பிடித்துவிடும். திறந்த போத்தலும் அதே ஈரத்தில் தடித்துப் போகும். சிலிக்கா ஜெல் பையோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு குளிர்சாதனப் பெட்டியில் வை, உறவுக்காரப் பிள்ளைகள் கைக்கு எட்டாமல்.

கார்பட்டில் கார் உருண்டு விழுகிறது என்றால் முன் டயரின் வெளிச்சுவரில் சுப்பர் குளூவை மெல்லிய பட்டையாகப் பூசிக் காயவிடு. சுவர் விறைத்து, பக்கவாட்டுக் கிரிப் குறையும். போதாவிட்டால் வெளிவரிசை முட்களை வெட்டு. பூசியதையும் வெட்டியதையும் திருப்பி எடுக்க முடியாது, ஆகவே பழைய சோடியில் முதலில் செய்து பார்.

கடைசியாக விட்டம். சென்டர் டிஃப் (முன்னையும் பின்னையும் வெவ்வேறு வேகத்தில் சுழல விடும் நடுப் பல்லிணைப்பு) இல்லாத காரில் முன்னும் பின்னும் ஒரே தண்டில் பூட்டியிருக்கின்றன. புதுச் சோடி முன்னுக்கு, தேய்ந்த சோடி பின்னுக்கு என்று போட்டால் வித்தியாசம் எங்காவது வெளிவர வேண்டும். விட்டத்தில் 1 மில்லிமீற்றர் கூடினால் ஒரு சுற்றுக்கு 3 மில்லிமீற்றருக்கு மேல் தூரம் மாறும். அதை டயர் வழுக்கித் தேய்ந்துதான் தீர்க்கும். உன் நழுவலில் இதற்கும் பங்கிருக்கலாம்.

ஆகவே ஓடர் போடுமுன் வேர்னியரால் நாலு டயரின் விட்டத்தையும் அளந்து எழுது. பின் டயரில் எந்த வரிசை தேய்ந்திருக்கிறது என்றும் பார்த்து எழுது. அதன் பிறகு வாங்க வேண்டிய டயரின் பெயர் சொல்கிறேன்.

அன்புடன்,
உன் மச்சான்