40 மணி நேரத்தில் தெரபிஸ்ட் ஆக முடியாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வாரம் உங்கள் கல்வி இணைப்பிதழில், பள்ளிகளில் நடத்தைச் சிகிச்சை (குழந்தை ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்று கவனித்து, அதை மாற்ற உதவுவது) அளிக்கும் பணிக்கு நல்ல எதிர்காலம் இருக்கிறது என்று ஒரு கட்டுரை வந்திருந்தது. எதிர்காலம் இருப்பது உண்மைதான். ஆனால் 40 மணி நேர இணையவழிப் பயிற்சி, முடித்தவுடன் உள்ளூரிலும் வெளிநாட்டிலும் வேலை என்று நான்கு வரியில் முடித்துவிட்டீர்கள். அதைப் படித்துவிட்டு எங்கள் தெருப் பெண் ஒருத்தி 18,000 ரூபாய்க் கட்டணத்தில் பாதியை முன்பணமாகக் கட்டிவிட்டாள். மீதியைக் கட்டலாமா என்று கேட்க, கட்டுரையைக் கத்தரித்து எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தாள். பி.எஸ்சி. உளவியல் முடித்தவள். பணத்தைக் கட்டிய பிறகு யோசனை கேட்பது நம் ஊர் வழக்கம்; அவளைக் குறை சொல்ல மாட்டேன்.

அந்த 40 மணி நேரம் அமெரிக்காவிலிருந்து வந்த கணக்கு. அங்கே நடத்தைப் பகுப்பாய்வாளர்களுக்கான சான்றளிப்பு வாரியம் ஆர்.பி.டி. (பதிவுபெற்ற நடத்தைத் தொழில்நுட்பர்) என்றொரு சான்றிதழ் தருகிறது. 40 மணி நேரப் பயிற்சி அதற்கு வாசற்படி மட்டுமே. பிறகு தகுதி பெற்றவர் முன்னிலையில் வேலையைச் செய்துகாட்ட வேண்டும், தேர்வு எழுத வேண்டும். வேலையில் சேர்ந்த பின்பும் ஒவ்வொரு மாதமும் பணி நேரத்தில் குறைந்தது 5 சதவீதம் மேற்பார்வையில் கழிய வேண்டும். மாதம் 160 மணி நேரம் குழந்தைகளுடன் இருப்பவர் என்றால் 8 மணி நேரம். கட்டுரையில் விடுபட்டது இந்த 8 மணி நேரம். இன்னொன்றும் விடுபட்டது: 2023 முதல் இந்தியாவில் வசிப்பவர்களிடமிருந்து அந்த வாரியம் புதிய விண்ணப்பங்களை ஏற்பதில்லை. ஆகவே அந்தப் பெண்ணுக்குக் கிடைக்கப்போவது பயிற்சி நடத்துகிறவர்கள் அச்சடித்துத் தரும் தாள் மட்டுமே. நம் நாட்டில் சிறப்புக் கல்வி ஆசிரியராகவோ மறுவாழ்வுத் துறை வல்லுநராகவோ பணியாற்ற, 1992ஆம் ஆண்டுச் சட்டப்படி இந்திய மறுவாழ்வுக் கழகத்தில் பதிவு வேண்டும். அதற்குக் கழகம் அங்கீகரித்த பட்டயமோ பட்டமோ படித்திருக்க வேண்டும்.

நானும் தாள் இல்லாமல் தொடங்கியவள்தான். 2008இல் வேறோர் ஊரில் ஒரு தனியார் மையத்தில் மாதம் 4,500 ரூபாய்க்குச் சேர்ந்தேன். இரண்டு நாள் ஓர் அறையில் உட்கார வைத்து வீடியோ காட்டினார்கள். மூன்றாம் நாள் ஆறு வயதுச் சிறுவனையும் என்னையும் ஓர் அறையில் விட்டுக் கதவைச் சாத்திவிட்டார்கள். பதினோரு மணிக்குள் என் முன்கையில் பல் பதிந்துவிட்டது. பொறுப்பாளரிடம் காட்டினேன். "பழகிவிடும்" என்றார். எனக்குப் பழகும் என்றாரா, அந்தப் பையனுக்கா என்று இன்றுவரை விளங்கவில்லை. ஆட்டிசம் உள்ள குழந்தைகளின் மோவாயைப் பிடித்து "என்னைப் பார், என்னைப் பார்" என்று முகத்தைத் திருப்பச் சொல்லி அங்கே கற்றுக்கொடுத்தார்கள். கண்ணோடு கண் பார்ப்பதே அவர்களில் பலருக்கு வேதனை என்று பின்னால் அறிந்தபோது கூசிப்போனேன். அப்படி எத்தனை மோவாய்களைப் பிடித்திருப்பேன் என்று நான் எண்ணிப் பார்ப்பதில்லை.

உண்மையில் இந்த வேலையை நான் கற்றது 2011இல், கும்பகோணம் பக்கத்தில் ஒரு பள்ளியில். அங்கே மூத்த சிறப்பாசிரியை ஒருவர் இருந்தார். அனைவரும் அவரை அக்கா என்றே அழைப்போம். மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் நோட்டைத் தள்ளிவிட்டு அலறுவான். வகுப்பாசிரியை அவனைத் தாழ்வாரத்தில் நிற்க வைப்பார். எல்லோரும் தன்னைக் கவனிக்க வேண்டும் என்பதற்காகச் செய்கிறான் என்பது பள்ளியின் முடிவு. என் முடிவும் அதுதான். பிஸ்கட் கொடுத்து அறிவுரை சொல்லலாம் என்று கிளம்பினேன். அக்கா தடுத்து, 40 பக்க நோட்டு ஒன்றைக் கையில் கொடுத்தார். பக்கத்தில் நெடுக்காகக் கோடு போட்டுப் பிரித்த மூன்று பத்திகள்: அலறுவதற்குச் சற்று முன் என்ன நடந்தது, அவன் என்ன செய்தான், அதன்பின் மற்றவர்கள் என்ன செய்தார்கள். ஐந்து நாள் அவனிடம் ஒரு வார்த்தை பேசாமல் இதை மட்டும் எழுத வேண்டும்.

முதல் நாள் இரண்டாம் பத்தியில் "கோபப்பட்டான்" என்று எழுதினேன். அக்கா சிவப்புப் பேனாவால் அடித்தார். "கோபம் உன் கண்ணுக்கு எப்படித் தெரிந்தது? கை என்ன செய்தது, வாய் என்ன செய்தது, அதை எழுது" என்றார். அன்று எனக்கு எரிச்சல். ஐந்தாம் நாள் எண்ணிப் பார்த்தபோது மொத்தம் 14 முறை அலறியிருந்தான். அதில் 11 முறை டிக்டேஷன் வேளையிலும் கரும்பலகையைப் பார்த்து எழுதும் வேளையிலும். எழுத்துக் கூட்டி எழுத அவனுக்கு வரவில்லை. அலறினால் தாழ்வாரம், தாழ்வாரத்தில் டிக்டேஷன் கிடையாது. நாங்கள் தண்டனை என்று நினைத்துக் கொடுத்தது அவனுக்கு விடுதலை. கூடவே, அவன் வெளியே போனால் வகுப்பு அமைதியாகிவிடும் என்று ஆசிரியையும் பழகியிருந்தார். யார் யாரைப் பழக்கினார்கள் என்பதை அந்த மூன்று பத்திகள் காட்டின.

பத்துச் சொல்லுக்குப் பதில் மூன்று சொல், முடியாதபோது மேசை மேல் வைக்க ஒரு மஞ்சள் அட்டை, வைத்தால் இரண்டு நிமிடம் ஓய்வு என்று திட்டம் போட்டோம். காகிதத்தில் எளிது. நான் செய்தபோது அலறல் கூடிக்கொண்டே போனது. இந்தத் திட்டம் இந்தப் பையனுக்கு ஒத்துவரவில்லை என்று அக்காவிடம் போய்ச் சொன்னேன். மறுநாள் அவர் கடைசி பெஞ்சில் வந்து உட்கார்ந்தார். வகுப்பு முடிந்ததும் ஒரே ஒரு வாக்கியம்: "அவன் அட்டையைத் தொட்டபோது நீ குனிந்து வேறு நோட்டைத் திருத்திக்கொண்டிருந்தாய், அலறிய பிறகு ஓடிப்போய் ஓய்வு கொடுத்தாய்." ஓய்வை நான் அலறலுக்கு விலையாகக் கொடுத்துக்கொண்டிருந்தேன். எனக்குத் துளியும் தெரியவில்லை. இதை எந்த வீடியோவும் எனக்குக் காட்டியிருக்காது. ஏனென்றால் வீடியோவில் நான் இல்லை.

அதன்பின் ஆறு வாரத்தில் அவன் அட்டையை வைக்கப் பழகினான். டிக்டேஷன் இன்னும் வரவில்லை, அது வேறு வேலை.

இந்தப் பயிற்சி நம் பள்ளிகளில் ஏன் நடப்பதில்லை என்றால், மூத்தவர்களுக்கு மனமில்லை என்பது காரணம் அல்ல. அவர்களுக்குக் காலியாக ஒரு பீரியட் கிடையாது. அக்கா கடைசி பெஞ்சில் உட்கார்ந்த அந்த முக்கால் மணி நேரம் அவருடைய சாப்பாட்டு வேளை. கால அட்டவணையில் அது வேலையாகவே கணக்கில் வராது. உச்ச நீதிமன்றம் 2021 அக்டோபரில் தொடக்க வகுப்புகளில் 10 மாற்றுத்திறன் குழந்தைகளுக்கு ஒருவர், அதற்கு மேல் 15 பேருக்கு ஒருவர் என்ற விகிதத்தில் சிறப்பாசிரியர்கள் வேண்டும் என்றது. அந்த இடங்கள் நிரப்பப்படும்போது ஏராளமான இளைஞர்கள் ஒரே நேரத்தில் வகுப்பறைக்குள் நுழைவார்கள். அவர்களுக்குக் கருத்தரங்கும் கோப்பும் பையும் கொடுப்பது சுலபம். முதல் மூன்று மாதம் யாரையும் தனியாக ஒரு குழந்தையுடன் விடக் கூடாது, அவர்களைக் கவனித்துத் திருத்தும் மூத்தவருக்கு வாரத்தில் இரண்டு பீரியட் பணி நேரமாக ஒதுக்க வேண்டும். நான் கேட்பது இவ்வளவே. கல்வித் துறை அதிகாரிகள் சிரிக்கக்கூடும். தனியார் பள்ளித் தாளாளர்கள் சம்பளக் கணக்கைப் போட்டுப் பார்ப்பார்கள். போடட்டும். அடிப்பதையும் மனத்தைப் புண்படுத்துவதையும் 2009ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு தடை செய்திருக்கிறது. பிரம்பைக் கீழே வைக்கச் சொல்லிவிட்டோம். அதற்குப் பதிலாகக் கையில் எதை எடுப்பது என்று ஆசிரியர்களுக்கு யார் செய்துகாட்டினோம்?

உங்கள் இணைப்பிதழில் இந்தத் துறை பற்றி மறுபடி எழுதினால், 2023க்குப் பிந்தைய நிலையை ஒரு பெட்டிச் செய்தியாகவாவது வெளியிடுங்கள். சேரப்போகிறவர்கள் "என்னை யார், எத்தனை மணி நேரம், எந்த வகுப்பில் வந்து பார்ப்பார்?" என்று கேட்ட பிறகே பணம் கட்டட்டும். எங்கள் தெருப் பெண் தொலைபேசியில் அப்படிக் கேட்டாள். வாட்ஸ்அப் குழுவில் சந்தேகம் கேட்கலாம் என்று பதில் வந்ததாம். முன்பணத்தைத் திரும்பக் கேட்டிருக்கிறாள், பதினோரு நாளாகிறது. பட்டயப் படிப்புக்கு விண்ணப்பிக்கும்வரை, தலைமையாசிரியரின் அனுமதியோடு, திங்கட்கிழமை முதல் என் வகுப்பின் கடைசி பெஞ்சில் உட்கார வருகிறாள். நோட்டு வாங்கி வைத்துவிட்டேன்.

இப்படிக்கு,
சிறப்பாசிரியை ஒருவர்,
கும்பகோணம்.

(பணிபுரியும் இடத்தை முன்னிட்டு என் பெயரை வெளியிட வேண்டாம் எனக் கேட்டுக்கொள்கிறேன்.)