பழைய ஷீட்டை உடைக்காதீங்க

அண்ணாச்சிமார், அக்காமார் கவனத்துக்கு: மழைக்கு முன்னாடி நம்ம வளவுல சில வீட்டுல சாய்ப்பு மாத்துறாங்க. புறவாசல்ல கிடக்கிற பழைய சிமெண்ட் ஷீட் பெரும்பாலும் ஆஸ்பெஸ்டாஸ்தான். முழுசா இருக்கிற வரை பெரிய பயமில்லை. சுத்தியலால உடைச்சாலோ, கட்டர் வச்சு அறுத்தாலோ கண்ணுக்குத் தெரியாத நார் பறக்கும். அது நுரையீரல்ல தங்கி 20, 30 வருஷம் கழிச்சுக்கூட புற்றுநோயாக் கிளம்பும்.

ஷீட்டை நல்லா நனைச்சுட்டுக் கழட்டச் சொல்லுங்க. போல்ட் துருப்பிடிச்சிருந்தா போல்ட்டைத்தான் வெட்டணும், ஷீட்டை நொறுக்கக் கூடாது. மேல இருந்து தூக்கிப் போடாம முழுசா இறக்கணும். வாரியலால பெருக்காதீங்க, ஈரத்துணியால துடைச்சு, துணியையும் உடைஞ்ச துண்டையும் தடிச்ச பிளாஸ்டிக்ல கட்டுங்க. காத்தடிக்கிற நாள்ல வேலையே வேண்டாம். பிள்ளைகளைப் பக்கத்துல விடாதீங்க.

கொத்தனாரும் சித்தாளும் வாயில துண்டு கட்டுறது பத்தாது. தூசிக்குன்னே உள்ள நல்ல மாஸ்க் வாங்கிக் கொடுங்க, அவங்களும் பிள்ளைகுட்டிக்காரங்கதான். துண்டுகளைக் கால்வாய்க் கரையில கொட்டாம, எங்க போடணும்னு மாநகராட்சியில கேட்டுக்கோங்க.