சைக்கிளில் குதிக்கும் பிள்ளைகளுக்கு மைதானத்தில் ஒரு மூலை வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பள்ளி மாணவர்கள் சைக்கிளோடு திண்ணைகளிலும் படிக்கட்டுகளிலும் ஏறிக் குதிப்பதைக் கண்டித்து, அந்தச் சைக்கிள்களைக் காவல் துறையினர் பறிமுதல் செய்ய வேண்டும் என்று வாசகர் ஒருவர் சென்ற வாரம் தங்கள் நாளிதழில் எழுதியிருந்தார். அவருடைய கவலை நியாயமானது. அரசுப் பள்ளி ஒன்றில் உடற்கல்வி ஆசிரியராகப் பணிபுரியும் எனக்கும் அதே கவலை உண்டு. ஆயினும், அவர் கண்டது ‘ட்ரையல்ஸ்’ என்ற பெயரில் பல நாடுகளில் முறையாகப் பயிற்றுவிக்கப்படும் விளையாட்டின் அரைகுறையான வடிவம் என்பதையும், கடைசிப் பாடத்தை முதலில் செய்து பார்ப்பதால்தான் நம் பிள்ளைகள் அடிபடுகிறார்கள் என்பதையும் தங்கள் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

இந்த விளையாட்டு 1970களில் ஸ்பெயினின் கத்தலோனியா பகுதியில் உருப்பெற்றது. பாறைகள்மீதும் ஓடைகளிலும் காலை ஊன்றாமல் மோட்டார் சைக்கிளைச் செலுத்தும் பந்தயங்களில் பேர் பெற்றிருந்த பெரே பி என்பவர், தம் மகன் ஒட் பிக்கு அதே வித்தையை எஞ்சின் இல்லாத சிறிய சைக்கிளில் பழக்கினார். அந்த மகன் பின்னாளில் பலமுறை உலகப் பட்டம் வென்றார். மரபான போட்டி விதிப்படி காலைத் தரையில் ஊன்றும் ஒவ்வொரு முறைக்கும் ஒரு தண்டப் புள்ளி. ஐந்து சேர்ந்துவிட்டால் அந்தக் கட்டம் தோல்வி. வேகத்துக்கு இங்கே மதிப்பே இல்லை. ஸ்காட்லாந்தின் ஸ்கை தீவைச் சேர்ந்த டேனி மெக்காஸ்கில், எடின்பரோ நகரத் தெருக்களில் செய்த சாகசங்களின் காணொளி 2009-இல் வெளியாகி உலகையே வியக்க வைத்தது. நம் பிள்ளைகள் செல்பேசியில் பார்ப்பதும் இத்தகைய காணொளிகளைத்தான். ஆனால் சில விநாடிகளில் முடிந்துபோகும் ஒரு குதிப்புக்குப் பின்னால் எத்தனை ஆண்டுப் பழக்கம் இருக்கிறது என்பது அந்தக் காட்சியில் தெரிவதில்லை.

இரண்டு ஆண்டுகளுக்கு முன் என் மாணவன் ஒருவன் தன் அண்ணனுடைய பழைய சைக்கிளில் மூன்றடி உயர மேடையிலிருந்து இறங்கப் பார்த்தான். இருக்கையில் உட்கார்ந்தபடியே மெதுவாக விளிம்புக்கு உருட்டிக்கொண்டு வந்ததால், முன்சக்கரம் முதலில் கீழே போயிற்று. அவன் ஹேண்டில்பாருக்கு மேலாகத் தூக்கி எறியப்பட்டுத் தோள்பட்டை தரையில் மோத விழுந்தான். காறை எலும்பு முறிந்தது. மருத்துவமனையில் அவன் என்னிடம் கேட்ட முதல் கேள்வி, “நான் எங்கே சார் தப்பு பண்ணினேன்?” என்பதுதான். அதற்கு விடை சொல்ல எனக்குத் தெரியவில்லை. ஓர் உடற்கல்வி ஆசிரியருக்கு அது தலைகுனிவு என்று எண்ணியே, பழைய ட்ரையல்ஸ் சைக்கிள் ஒன்றை வாங்கி நானே கற்றுக்கொள்ளத் தொடங்கினேன்.

முதற்பாடம் நிற்பது. இரண்டு பெடல்களையும் தரைக்கு இணையாக வைத்து, வலுவான காலை முன்னே நிறுத்தி, முன்சக்கரத்தைச் சற்றே திருப்பியபடி, இருக்கையைத் தொடாமல் ஒரே இடத்தில் நிற்க வேண்டும். முழுதாக ஒரு நிமிடம் நிற்க வரும்வரை வேறெதையும் தொடக் கூடாது என்பதில் நான் கண்டிப்பாக இருக்கிறேன். எனக்கே அது கைகூட ஏழு வாரங்கள் ஆயின. அடுத்தது, இரண்டு பிரேக்குகளையும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே துள்ளுவது. கைகளால் சைக்கிளைத் தூக்க வேண்டும் என்று பிள்ளைகள் நினைக்கிறார்கள். முழங்கால்களை மடக்கி உடல் எடையால் டயர்களை அமுக்கி, அவை திருப்பித் தரும் உந்தலோடு நிமிர்ந்து, பாதங்களை மேலே இழுத்துக்கொண்டால் சைக்கிளும் கூடவே எழும்பி வரும்.

இவற்றுக்குப் பிறகுதான் பின்சக்கரத்தில் மட்டும் நிற்கும் பாடம். இதில்தான் பொறுமை இழப்பவர்கள் மிகுதி. இடுப்பு பின்அச்சுக்கு நேர்மேலே இருக்க வேண்டும். கைகள் நீண்டிருக்க வேண்டும். பின்பிரேக்கின் மேல் ஒரே ஒரு விரல், மற்ற விரல்கள் கைப்பிடியில். உடல் முன்னால் சாய்வது தெரிந்ததும் அந்த ஒற்றை விரலைக் கணநேரம் தளர்த்தி, பெடலைக் கால் சுற்று அழுத்தி, உடனே மறுபடியும் பிரேக்கைப் பூட்ட வேண்டும். பின்னால் சாய்ந்தால் பின்னோக்கி ஒரு துள்ளல் போட்டுச் சக்கரத்தை உடலுக்கு அடியில் கொண்டுவர வேண்டும். முடியாதபோது சைக்கிளை முன்னே தள்ளிவிட்டுக் கால்களால் இறங்கிக்கொள்ளத் தெரிந்திருக்க வேண்டும். விழுவதற்கும் ஒரு முறை உண்டு என்பதை இந்தக் கட்டத்திலேயே பழக்கிவிடுவது நல்லது. விரலும் பாதமும் ஒரே கணத்தில் வேலை செய்யப் பழகிய பிறகு, கேட்டாலே தெரியும்: பிரேக் விடும் ஒலியும் டயர் தரையில் பதியும் ஒலியும் இரண்டாகக் கேட்காமல் ஒன்றாகிவிடும்.

இப்போதுதான் இறங்குவது. விளிம்பில் பின்சக்கரத்தின் மீது நின்று, உடலைத் தாழ்த்தி, பெடலில் சிறு அழுத்தம் கொடுத்து வெளியேற வேண்டும். பிறகு கால்களை நீட்டி, தரையைத் தேடுவதுபோல் பின்சக்கரத்தைக் கீழே அனுப்ப வேண்டும். டயர் தரையைத் தொட்ட நொடியிலிருந்து முழங்கால்கள் மடியத் தொடங்க வேண்டும். முன்சக்கரம் கடைசியில் மெல்ல இறங்க வேண்டும். முழங்கால் ஏன் மடிய வேண்டும் என்பதற்கு எங்கள் பள்ளி இயற்பியல் ஆசிரியர் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினார். இரண்டடி உயரத்திலிருந்து விழும் உடல் இரண்டு அங்குல தூரத்துக்குள் நின்றுவிட்டால், அது தாங்கும் சராசரி விசை தன் எடையைப்போல் 13 மடங்கு. அதே உடல் முழங்கால்களை மடக்கி ஓரடி தூரத்தில் நின்றால் 3 மடங்குதான். கால்களை விறைப்பாக வைத்து இறங்கும் பிள்ளை அந்த வேறுபாடு முழுவதையும் கணுக்காலிலும் முதுகெலும்பிலும் வாங்கிக்கொள்கிறது.

படுக்கவைத்த ஒற்றைச் செங்கலின் உயரம் மூன்று அங்குலம். அங்கேதான் நாங்கள் தொடங்குகிறோம். பத்து முறை தொடர்ந்து பின்சக்கரம் முதலில் படும்படி இறங்கியவனுக்கே இரண்டாவது செங்கல். என் பயிற்சியில் எவரும் இரண்டடியைத் தாண்டக் கூடாது. இதில் நான் பிடிவாதமாக இருப்பதற்குக் காரணம் உண்டு. பிரிட்டனின் முன்னணி வீரர்களில் ஒருவரான மார்ட்டின் ஆஷ்டன், 2013-இல் ஒரு செயல்விளக்க நிகழ்ச்சியின்போது ஏறக்குறைய மூன்று மீட்டர் உயரத்திலிருந்து விழுந்து இடுப்புக்குக் கீழே செயலிழந்தார். அத்தனை ஆண்டு அனுபவம் இருந்தும் உயரம் அவரை விட்டுவைக்கவில்லை.

சைக்கிளைப் பற்றியும் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டும். நம் வீடுகளில் இருக்கும் சைக்கிள், சாலையில் ஆளையும் சுமையையும் ஏற்றிச் செல்வதற்காகச் செய்யப்பட்டது. அதில் பெடல் ஒரு சுற்றுச் சுற்றினால் பின்சக்கரம் ஏறக்குறைய இரண்டரைச் சுற்று ஓடும். ட்ரையல்ஸ் சைக்கிளில் ஒன்றேகால் சுற்று அளவுக்கே ஓடும். அதனால்தான் சிறு அழுத்தத்திலேயே அது பாய்கிறது. ஃப்ரீவீலும் பெடலை மிதித்த உடனே பிடித்துக்கொள்ளும் வகையில் நுண்ணிய பற்களோடு இருக்கும். டயரில் காற்று குறைவாக இருக்கும். பெரும்பாலும் இருக்கையே இருக்காது. சாதாரண சைக்கிளில் நிற்கவும், நின்ற இடத்தில் துள்ளவும், ஒரு செங்கல் உயரம் இறங்கவும் தாராளமாகப் பழகலாம். அதற்குமேல் போனால் ரிம் கோணும், ஃபோர்க் வளையும், அழுத்தும் நேரத்தில் செயின் நழுவும். செயின் நழுவுவதுதான் எல்லாவற்றிலும் ஆபத்தானது. முழு எடையோடு மிதித்த கால் திடீரென்று வெற்றிடத்தில் இறங்கிவிடும். தலைக்கவசமும் முழங்கால் காப்பும் கட்டாயம். கெண்டைக்கால் எலும்புக்கும் காப்பு வேண்டும். முள் பதித்த பெடல் ஒருமுறை சுழன்று அடித்ததில் எனக்கு ஆறு தையல் போட வேண்டியதாயிற்று.

சைக்கிள்களைப் பறித்தால் பிள்ளைகள் குதிப்பதை நிறுத்த மாட்டார்கள். நம் கண்ணில் படாத இடத்துக்குப் போவார்கள். ஆளில்லாத கட்டடமும் பாலத்தடியும்தான் அவர்களுக்குக் கிடைக்கும். ஆகவே, உள்ளாட்சி அமைப்புகள் தங்கள் விளையாட்டு மைதானங்களில் இருபதடிக்கு முப்பதடி அளவில் ஒரு மூலையை இதற்கென ஒதுக்கித் தர வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். சிமென்ட் தளம் வேண்டாம். கெட்டியான மண் தரையே போதும். சரக்குக் கிடங்குகளில் கழித்துப்போடும் மரத்தட்டுகள் பத்து, மண்ணில் பாதி புதைத்த பழைய லாரி டயர்கள் நான்கு, அடுக்கி எடுக்க வசதியாகச் சில செங்கற்கள் இருந்தால் முதல் ஆண்டுப் பயிற்சியை அவற்றிலேயே முடித்துவிடலாம். பெண் பிள்ளைகளுக்கும் அங்கே நேரம் ஒதுக்க வேண்டும். இந்த விளையாட்டில் ஸ்விட்சர்லாந்தின் காரின் மூர் பலமுறை உலகப் பட்டம் வென்றிருக்கிறார். ஆனால் எங்கள் ஊரில் இதுவரை ஒரு மாணவிகூட வேடிக்கை பார்க்கும் கூட்டத்திலிருந்து முன்னே வரத் துணியவில்லை.

காறை எலும்பு முறிந்த அந்த மாணவன் இப்போது பன்னிரண்டாம் வகுப்பு படிக்கிறான். ஐந்து செங்கல் உயர அடுக்கின்மேல் பின்சக்கரத்தில் நின்று, நான் தலையசைக்கும்வரை காத்திருந்து இறங்குகிறான். சிறுவர்களுக்கு முதற்பாடத்தை அவனே சொல்லித் தருகிறான். இடம் கிடைக்குமானால், சனிக்கிழமை மாலைகளில் எந்தக் கட்டணமும் இன்றி வந்து கற்றுத்தர நாங்கள் இருவரும் தயாராக இருக்கிறோம்.

இப்படிக்கு,
உடற்கல்வி ஆசிரியர் ஒருவர்,
திண்டுக்கல் மாவட்டம்.