குழுவில் போட முன்னம் பயிரை விரித்துப் பார்

அக்கரைப்பற்று

அன்பின் மச்சானுக்கு,

வீட்டில் எல்லாரும் சுகந்தானே? இங்கு நலம். "50 நாள் நெற்பயிர் மஞ்சளாகுது, என்ன மருந்து அடிக்கிறது?" என்று வட்ஸ்அப் குழுவில் கேட்கப் போவதாக எழுதியிருந்தாய். இன்று பின்னேரம் மட்டும் பொறு. அந்த ஒரு வரிக்குப் பத்துப் பேர் பத்து மருந்து சொல்வார்கள். அதில் ஒருவரும் உன் வயலைக் கண்டவரில்லை.

எந்த இலை முதலில் மஞ்சளாகிறது என்று பார். அடியிலுள்ள பழைய இலைகள் நுனியிலிருந்து மஞ்சளாகி, வயல் முழுக்க ஒரே மாதிரி வெளிறினால் பெரும்பாலும் நைதரசன் குறைவு. பயிர் பழைய இலையிலிருந்து அதை எடுத்துக் குருத்துக்குக் கொடுக்கிறது. குருத்தே முதலில் மஞ்சளானால் கந்தகமோ இரும்போ போதவில்லை. வாவிக்கரை வயலில் இலைநுனி வெளுத்துப் பயிர் திட்டுத்திட்டாய் நின்றால் உப்பு.

நடுவயலில் வட்டமாய் மஞ்சளாகிக் காய்ந்து, அந்த வட்டம் பெருத்துக்கொண்டு போனால் அறக்கொட்டி, தண்டின் அடியில் இருந்து சாறு உறிஞ்சும் சின்னப் பூச்சி. வரம்பில் நின்றால் தெரியாது மச்சான். உள்ளே இறங்கி, குறுக்காய் நடந்து பத்து இடத்தில் பயிரை விரித்து, தண்ணீருக்குச் சற்று மேலே தண்டைப் பார். பூச்சி இருந்தால், தட்டத் தண்ணீரில் விழும். இது தெரியாமல் மஞ்சளுக்கு யூரியா எறிந்தால் பூச்சி இன்னும் பெருகும். பைரத்ரொயிட் வகைப் பூச்சிமருந்து அடித்தால் அறக்கொட்டியைத் தின்கிற சிலந்திகள் செத்து, முன்னையிலும் மோசமாகும். முதலில் மூன்று நாலு நாளைக்குத் தண்ணீரை வடிய விடு.

தேடும்போது சொல்லில் கவனம் வேண்டும். நாம் அறக்கொட்டி என்பதை விவசாயத் திணைக்களம் கபில நிறத் தத்தி என்கிறது, தமிழ்நாட்டில் அதுவே புகையான். மூன்றையும் போட்டுத் தேடு. தமிழ்நாட்டுப் பக்கங்களில் பூச்சியின் படத்தையும் குணத்தையும் எடுத்துக்கொள், மருந்தை எடுக்காதே. இங்கே பதிவில்லாத மருந்தாய் இருக்கலாம். அளவும் பல இடத்தில் எக்டருக்குத்தான் சொல்லியிருப்பார்கள். ஒரு எக்டர் 2.47 ஏக்கர், அதை ஏக்கருக்கு ஊற்றினால் இரண்டரை மடங்காகும். திகதியையும் பார், 2021 இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைப்பட்டிருந்த காலத்துப் பசளை ஆலோசனை இப்போதைக்குப் பொருந்தாது. திணைக்களத்தின் 1920 தொலைபேசி இலக்கத்துக்கும் ஒரு தடவை எடு.

அதற்குப் பிறகும் பிடிபடாவிட்டால் தாராளமாய்க் கேள். நெல்லினம், விதைத்த நாள், கடைசி யூரியா எப்போது, ஏக்கருக்கு எத்தனை கிலோ, அடித்த மருந்தின் பெயர், தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, எல்லாம் எழுது. வரம்பிலிருந்து முழு வயல், பழைய இலையும் குருத்தும் பக்கத்தில் பக்கத்தில், விரித்த பயிரின் அடி என்று மூன்று படம் போதும். உச்சி வெயிலில் எடுக்காதே, நிறம் வெளிறிவிடும். "விரித்துப் பார்த்தேன், அறக்கொட்டி இல்லை" என்று ஒரு வரி சேர்த்தால் பாதி ஊகம் அங்கேயே நின்றுவிடும்.

கமநல நிலையத்து விவசாயப் போதனாசிரியரிடம் போவதென்றால் இரண்டு மூன்று பயிரை வேரோடு பிடுங்கி ஈரச்சாக்கில் சுற்றிக்கொண்டு போ. வாடிச் சுருண்ட இலையை வைத்து அவராலும் ஒன்றும் சொல்ல முடியாது. படங்களை எனக்கும் அனுப்பு.

அன்புடன்,
உன் மச்சான்